மாமாவின் குரலும் ஒரு வால்வ் பஃபரும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டு ஹோலில் ஒரு வழக்கு விசாரணைக்கு வந்தது.

குற்றம் சாட்டப்பட்டவர் — என்னுடைய சி.டி. பிளேயர். குற்றம் — காதைக் குத்துகிறது.

வழக்குத் தொடுத்தவன் நான்தான். வாங்கின நாளிலிருந்தே எனக்கு அதில் ஒரு மனக்குறை. கடையில் கேட்டபோது குழைந்து குழைந்து வந்த வயலின், லண்டன் ஹரோவில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் அலுமினியச் சட்டியைக் கரண்டியால் சுரண்டுகிற மாதிரி இருந்தது. நாகஸ்வரத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல விரும்பவில்லை. சொல்ல வேண்டியதைப் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் சொல்லிவிட்டார். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அதில் அவர் தட்டின தட்டிலேயே அவருடைய சங்கீத அபிப்பிராயம் எனக்கு விளங்கிவிட்டது.

இதை லண்டனிலேயே எட்மண்டன் பக்கம் இருக்கிற நடேசண்ணையிடம் போய்ச் சொன்னேன் பாருங்கள்... அங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது.

இந்தப் பக்கத்தைப் புதிதாகப் புரட்டுகிறவர்களுக்காகச் சொல்கிறேன். நடேசண்ணை ஊரில் மின்சார எஞ்சினியர். இங்கே லிப்ட் பழுது பார்க்கிற கொம்பனி ஒன்றில் வேலை. வேலை நாட்களில் லிப்ட்டுகள் மேலும் கீழும் போவதைப் பார்ப்பார். சனி, ஞாயிறு வந்தால் வீட்டில் இருந்து அம்பிளிபயர்களைக் கழற்றுவார். மூடி போட்ட அம்பிளிபயர் ஒன்றை அவர் வீட்டில் நான் இன்றுவரை கண்டதில்லை. எல்லாம் ஒப்பரேஷன் நடுவில் டொக்டர் தேத்தண்ணி குடிக்கப் போன மாதிரித் திறந்தபடி கிடக்கும்.

என் முறைப்பாட்டைக் கேட்டதும் கண்ணைச் சுருக்கினார்.

"தம்பி, உமக்கு ஒரு வால்வ் பஃபர் தேவை."

எனக்கு வைட்டமின் குறைவு என்று சொன்ன மாதிரி இருந்தது.

"அதென்ன அண்ணை?"

"சி.டி. பிளேயருக்கும் அம்பிளிபயருக்கும் நடுவிலை வைக்கிற ஒரு பெட்டி. உள்ளுக்கை ரெண்டு வால்வ் இருக்கும். அந்தக் காலத்து ரேடியோவுக்குள்ளை மினுங்கிக்கொண்டு நிக்குமே கண்ணாடிக் குழாய், அதுதான்."

"சத்தத்தைக் கூட்டுமோ?"

"கூட்டாது."

"அப்ப குறைக்குமோ?"

"குறைக்காது."

"பேந்து என்னத்துக்கு அண்ணை அது?"

"சும்மா நடுவிலை நிக்கும். சத்தம் அதுக்குள்ளாலை போய் வரேக்கை முள்ளெல்லாம் கழண்டுபோகும். ஒரு சூடு வரும். வோர்ம்த்!"

எட்மண்டனில் ஜனவரி மாதத்தில்கூட ஹீட்டிங் போட யோசிக்கிற மனிதர், சூட்டைப் பற்றி இவ்வளவு உருக்கமாகப் பேசி நான் கேட்டதில்லை.

கூட்டாது, குறைக்காது, நடுவில் நின்று முள்ளைக் கழற்றும். எனக்கு உடனே எங்கள் கலியாணப் புரோக்கர்மார்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். பையன் பெற்றோல் ஸ்டேஷனில் நிற்கிறான் என்றால், 'எண்ணெய்த் துறையில் இருக்கிறார்' என்பார்கள். பெண்ணுக்குக் கோபம் அதிகம் என்றால், 'கெட்டிக்காரி, நிர்வாகத் திறமை' என்பார்கள். ஒன்றும் பொய்யில்லை. நடுவில் ஒருவர் நின்றால் காதுக்கு இதமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, வாங்குவதா விடுவதா? குடும்பத்தில் கேட்க வேண்டாமா?

என் மனைவி வசந்தி, ஹரோவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படிப்பிக்கிறவர். கேள்வி கேட்டால் முழு வசனத்தில் விடை வரவேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்.

"இப்ப இருக்கிற பெட்டியளாலை பாட்டுக் கேக்குதோ இல்லையோ?"

"கேக்குது. ஆனால்..."

"கேக்குதெல்லே. பேந்தென்ன? இன்னும் ஒரு பெட்டியை எங்கை வைக்கப் போறியள், என்ரை தலையிலையோ?"

முழு வசனத்தில் என்னிடம் விடை இல்லை.

இந்த இடத்தில் எங்கள் வீட்டுச் செற்றி, அதாவது சோபாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதுவும் வழக்கில் சம்பந்தப்பட்டது. நல்ல பூப்போட்ட துணிச் செற்றி. கடையிலிருந்து வந்தபோது எந்தப் பொலித்தீன் உறையோடு வந்ததோ, அதே உறையோடு வருஷக் கணக்காக இருக்கிறது. பூக்களைப் பார்க்கலாம், தொட முடியாது. கோடையில் உட்கார்ந்தால் ஒட்டும். குளிரில் உட்கார்ந்தால் சறுக்கும். எந்தக் காலத்தில் அசைந்தாலும் 'சரக்' என்று சத்தம் போடும். "கழட்டுவமோ?" என்று கேட்டால் வசந்தி, "புதுசு பழுதாப் போயிடும்" என்பார்.

சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டில் இல்லையா? குட்மேய்ஸில் ஒரு நண்பர் டி.வி. ரிமோட்டுக்கும் பொலித்தீன் உறை போட்டிருக்கிறார். உறை மங்கி, நம்பர்கள் தெரியாது. குத்துமதிப்பாக அமத்தி, வருகிற சனலைப் பார்க்க வேண்டியதுதான். உள்ளே ரிமோட் மட்டும் புத்தம் புதிதாக இருக்கிறது. யாருக்காக இதையெல்லாம் புதிதாகவே வைத்திருக்கிறோம் என்று இதுவரை எனக்கு விளங்கவில்லை.

சரி, வழக்குக்கு வருவோம்.

அன்றைக்கு நடேசண்ணை தான் செய்த பஃபர் ஒன்றைத் துவாயில் சுற்றி, பிறந்த பிள்ளையைத் தூக்கி வருகிற மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். வழக்கம்போல மூடி இல்லை. வயரைச் செருகி சுவிட்சைப் போட்டதும், இரண்டு வால்வுகளும் மெல்ல மெல்லச் சிவந்தன. உண்மையைச் சொன்னால், பார்க்க அழகாகத்தான் இருந்தது. சத்தம் வராவிட்டாலும் ஒன்று வாங்கி வைக்கலாம் போல இருந்தது.

எதிர்த் தரப்புக்கு டொக்டர் ரகு வந்திருந்தார். கும்பகோணத்துக்காரர். எங்கள் பக்கத்தில் ஜி.பி.யாக இருக்கிறார். அவருக்கும் ஹை-ஃபை பைத்தியம் உண்டு, ஆனால் வேறு மதம். பாட்டுக்கும் காதுக்கும் நடுவில் எதுவுமே இருக்கக் கூடாது என்பது அவருடைய கொள்கை. பேஸ், டிரெபிள் குமிழ்களைக்கூடத் தொட மாட்டார். கண்ணை மூடி, ஒரு விரலை உயர்த்திக்கொண்டுதான் பாட்டுக் கேட்பார். அந்த விரல் இறங்கினால் ஏதோ பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

புல்லாங்குழல் சி.டி. ஒன்றைப் போட்டோம். முதலில் பஃபரோடு. பிறகு பஃபர் இல்லாமல். மறுபடியும் பஃபரோடு.

"கேட்டீரோ தம்பி அந்தச் சூட்டை?" என்றார் நடேசண்ணை.

டொக்டரின் விரல் இறங்கியது. "என்னங்க இது, மூக்கடைச்சுக்கிட்டு வாசிக்கிற மாதிரி இருக்கு."

"புல்லாங்குழலுக்கு மூக்கு எங்கை டொக்டர்?"

"சளி புடிச்சா எனக்குத் தெரியாதா சார்? நாள் பூரா அதைத்தானே பாத்துட்டு இருக்கேன்."

"எல்லாத்தையும் நோயாப் பாக்கிறியள். வால்வ் எண்டால் உயிர்!"

"உயிர் இருக்கட்டும். உண்மை வேணாமா?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நடேசண்ணை சொல்வதும் சரியாகப் பட்டது. டொக்டர் சொல்வதும் சரியாகப் பட்டது. என் வாழ்க்கையில் எல்லா விவாதத்திலும் எனக்கு இதுதான் நடக்கிறது. ஆகவே, "இன்னொருக்காப் போட்டுப் பாப்பம்" என்றேன்.

சமையலறையிலிருந்து வடைத் தட்டோடு வந்த வசந்தி, "எனக்கெண்டால் ரெண்டும் ஒண்டாத்தான் கேக்குது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். அதை நாங்கள் யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

கடைசியில் டொக்டர்தான் ஒரு நல்ல கேள்வி கேட்டார்.

"அந்தப் புல்லாங்குழல நம்மள்ல யாராவது நேர்ல கேட்டிருக்கோமா? இல்லையே. அப்புறம் எது நிஜம்னு எப்படிச் சொல்றது? நமக்கு நேர்ல நல்லாப் பழகின ஒரு குரல் வேணும் சார். அதை வச்சுத்தான் டெஸ்ட் பண்ணணும்."

தான் பாடி ஒரு கசெட்டில் பதிவு செய்யலாமே என்றார் நடேசண்ணை. அந்த யோசனை ஏகமனதாக நிராகரிக்கப்பட்டது.

அப்போதுதான் சமையலறைக்குள்ளிருந்து வசந்தியின் குரல் வந்தது. "அப்பான்ரை கசெட்டைப் போடுங்கோவன். அந்தக் குரல் எனக்குத் தெரியும்தானே."

என் மாமா, அதாவது வசந்தியின் அப்பா, ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். இப்போது கொழும்பில், வெள்ளவத்தையில் தன் தங்கச்சி வீட்டில் இருக்கிறார். டெலிபோன் இருக்கிறது. ஆனால் மாமா டெலிபோனில் பேசுவதில்லை, கத்துவார். லண்டன் எவ்வளவு தூரமோ அவ்வளவு சத்தம் போட வேண்டும் என்பது அவருடைய கணக்கு. ஆகவே ஆறுதலாகக் கதைக்க வேண்டியதையெல்லாம் கசெட்டில் பேசி, லண்டனுக்கு வருகிற யாரிடமாவது மிளகாய்த்தூள் பையோடு கொடுத்துவிடுவார். எங்கள் வீட்டுக்கு வந்த அவருடைய குரல் எல்லாவற்றிலும் கொஞ்சம் மிளகாய்த்தூள் வாசம் உண்டு.

வசந்தி அதைச் சமைக்கிறபோது கேட்பார். சமையலறை ஜன்னலோரம் ஒரு சின்ன ரேடியோ கசெட் இருக்கிறது. ஒரு பக்கம் எக்ஸோஸ்ட் ஃபேன் இரையும், இன்னொரு பக்கம் தாளிதம் வெடிக்கும், நடுவில் மாமா கதைத்துக்கொண்டிருப்பார். பெரிய செட்டில் போட்டுக் கேட்க வேண்டும் என்று எங்களுக்கு ஒருநாளும் தோன்றவில்லை. பாட்டுத்தானா என்ன, அப்பாதானே!

கசெட் டெக்கைப் பஃபரில் பொருத்தினார் நடேசண்ணை. கடைசியாக வந்த கசெட்டைப் போட்டோம்.

"பிள்ளை வசந்தி, மருமகன், நாங்கள் எல்லாரும் இஞ்சை நல்ல சுகம். அதுபோலை நீங்களும் சுகமாய் இருக்கிறியள் எண்டு நம்புறன்..."

மாமா ஹோலுக்குள் வந்துவிட்டார். உண்மையாகத்தான் சொல்கிறேன். குரல் நிறைந்து, கனத்து, இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் ஒரு சாய்மனைக் கதிரையைப் போட்டு மனிதர் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. கொழும்பு காலி ரோட்டில் பஸ் பிடிக்கப் படுகிற பாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தார். வசந்தி கையில் அகப்பையோடு வாசலில் வந்து நின்றார்.

"ஐயோ, பக்கத்திலை இருந்து கதைக்கிற மாதிரி இருக்கு. அப்பா நல்லா உடம்பு வைச்சிட்டார் போலை!"

அந்த முகத்தை நான் பார்த்தேன். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? பஃபரை அந்த நிமிஷமே மனத்துக்குள் வாங்கிவிட்டேன். நடேசண்ணை வடையை எடுத்து, வென்றவர் கடிக்கிற மாதிரி கடித்தார். டொக்டரின் விரல்கூட இறங்கவில்லை.

ஆனாலும் கொள்கை என்று ஒன்று இருக்கிறதே. "ஃபேரா இருக்கணும். அதே இடத்தை பஃபர் இல்லாம ஒரு தடவை போடுங்க" என்றார் டொக்டர்.

வயரை மாற்றினோம். மாமா மறுபடியும் காலி ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றார். குரல் கொஞ்சம் மெலிந்திருந்தது, கொஞ்சம் கூராக இருந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

சமையலறைக்குத் திரும்பிய வசந்தி வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"நிப்பாட்டுங்கோ. திருப்பிப் போடுங்கோ."

போட்டோம்.

"இன்னொருக்கா."

போட்டோம்.

"அப்பா ஏன் இடையிலை இடையிலை நிக்கிறார்?"

"யோசிச்சு யோசிச்சுக் கதைக்கிறார் போலை" என்றேன்.

"அப்பா யோசிக்க மாட்டார். ஒரு தேற்றத்தைத் தொடங்கினால் முடிவுமட்டும் ஒரே மூச்சிலை சொல்லி முடிப்பார். வகுப்பிலை ஒருத்தராலையும் எழுதிப் பிடிக்க ஏலாது." அகப்பையை அப்படியே சி.டி. பிளேயருக்கு மேல் வைத்தார். "அங்கை... கேக்குதோ? நிக்கிற இடத்திலை. 'கீ' எண்டு ஒண்டு."

எல்லோரும் முன்னால் குனிந்தோம்.

'சரக்.'

"இல்லை, அது செற்றி" என்றேன்.

மறுபடியும் போட்டோம். மாமா பேசினார், நின்றார்... 'சரக்.' இது நடேசண்ணை. அடுத்தது டொக்டர். இழுக்கிறது மாமாவின் நெஞ்சா, எங்கள் பொலித்தீனா என்று ஒருவருக்கும் நிச்சயமில்லை.

"ஆரும் அசையாதேங்கோ!"

விறைத்துப்போய் இருந்தோம். ஆனால் மூச்சு விடாமல் இருக்க முடியுமா? மூச்சு விட்டாலே அந்த உறை சத்தம் போடும். மாமா நின்றார். செற்றி பேசியது.

"எழும்புங்கோ எல்லாரும்!"

எழும்பினோம். வசந்தி செற்றியின் ஓரத்தில் கையைக் கொடுத்து ஒரே இழுவையாக இழுத்தார். இத்தனை வருஷம் யாரையும் தொடவிடாமல், குழந்தைகளைக் காலைத் தூக்கி வைக்கவிடாமல், விருந்தாளிகளின் கையில் தேத்தண்ணிக் கோப்பையைக் கண்டாலே பதறிப் பதறிக் காப்பாற்றின உறை. நீளமாகக் கிழிந்து வந்தது. அதைச் சுருட்டி ஹோலுக்கு வெளியே எறிந்துவிட்டு, ஸ்பீக்கருக்கு முன்னால் கார்பெட்டில் முழங்காலில் உட்கார்ந்து, "இப்பப் போடுங்கோ" என்றார்.

இப்போது எனக்கும் கேட்டது. ஒவ்வொரு வசனத்தின் நடுவிலும், மூச்சை உள்ளே இழுக்கிற இடத்தில், மெல்லிசாக ஒரு விசில். பயமாக இருந்தது.

டொக்டர் கண்ணை மூடிக் கேட்டார். விரல் உயரவில்லை. இது வேறு கேட்பு என்று பார்த்ததும் விளங்கியது.

"மேடம், அப்பாவுக்கு முன்னாடி ஆஸ்துமா ஏதாவது இருந்ததா?"

"இல்லை டொக்டர். ஒருநாளும் இல்லை."

"பயப்படாதீங்க. கேசட்ட வச்சு நான் எதுவும் முடிவு சொல்லக் கூடாது. ஆனா இது வீசிங் மாதிரி இருக்கு. தள்ளிப் போடாம அங்க ஒரு டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க."

நடேசண்ணை வயரைத் திரும்பவும் பஃபருக்கு மாற்றினார். தானே நிச்சயப்படுத்த வேண்டும் என்று நினைத்திருக்க வேண்டும். மாமா மறுபடியும் கொழுகொழு என்று, சுகதேகியாக, சாய்மனைக் கதிரையில் வந்து உட்கார்ந்தார். விசில் மருந்துக்கும் இல்லை.

சுவிட்சை நடேசண்ணையே நிறுத்தினார். "பொல்லாத சாமான் தங்கச்சி இது" என்றார். சொந்தப் பிள்ளை கள்ளன் என்று தெரிந்த தகப்பன் மாதிரி இருந்தது அவர் முகம்.

வசந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அதை ஏன் அண்ணை ஏசுறியள்? அதுக்கும் அப்பான்ரை குணம்தான். எல்லாம் நல்லம் எண்டுதான் சொல்லும்" என்றார்.

உடனே கொழும்புக்குப் போன் எடுத்தார். மாமாதான் தூக்கினார். அவர் சொன்னது ரிசீவரைத் தொடாமலே ஹோலில் இருந்த எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"எனக்கு ஒண்டுமில்லைப் பிள்ளை! கல்லுப் போலை இருக்கிறன்! ஆர் உனக்கு இந்த விசர்க்கதை சொன்னது!"

கத்துகிற மனிதரின் நெஞ்சில் விசில் எப்படிக் கேட்கும்? வசந்தி பொறுமையாக, "போனை மாமியிட்டைக் குடுங்கோ அப்பா" என்றார். மாமி, அதாவது மாமாவின் தங்கச்சி, போனை வாங்கிக் கொஞ்சம் தள்ளிப் போய் இரகசியமாகச் சொன்னது இது: அண்ணை கொஞ்சக் காலமாகப் படுத்து நித்திரை கொள்வதில்லை, கதிரையில் இருந்தபடிதான் தூங்குகிறார். மாடிப்படி ஏறினால் நின்று நின்று ஏறுகிறார். 'பிள்ளைக்குச் சொல்லக் கூடாது' என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். கசெட்டில் பேசுகிறபோது இருமல் வந்தால் மெஷினை நிறுத்திவிட்டு, இருமி முடித்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடியும் போடுவாராம்.

நானும் வசந்தியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்தக் கசெட்டுகளில் அடிக்கடி 'டக்' என்று ஒரு சத்தம் வரும். மெஷின் பழசு என்று நினைத்திருந்தோம். அத்தனையும் மாமா எங்களுக்குத் தெரியாமல் இருமின இடங்கள்!

மாமாவை ஏசலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஆனால் எந்த முகத்தோடு பேசுவது? போன குளிர்காலத்தில் எங்கள் வீட்டு பொய்லர் பழுதாகி, கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு ஹோலில் நடுங்கினபடி நாங்கள் மாமாவுக்கு ஒரு கசெட் பேசினோம். அதில் என்ன சொன்னோம் தெரியுமா? "இஞ்சை ஒரு குறையுமில்லை மாமா, இந்த முறை குளிரே இல்லை."

லண்டனில் இருக்கிற தமிழரில் இப்படிச் சொல்லாதவர் யார்? நைட் ஷிப்டில் பெட்டி தூக்குகிறவர் அம்மாவுக்கு, 'ஒபிஸில் வேலை, இருந்து செய்கிற வேலை' என்று எழுதுகிறார். அம்மா அங்கே பங்கர் வெட்டிவிட்டு வந்து, 'இப்போது ஊர் அமைதி, நீ யோசிக்காதே' என்று எழுதுகிறாள். இரண்டு கடிதங்களும் ஆகாயத்தில் ஒன்றையொன்று கடந்து போகும்போது வெட்கப்படாதா? எங்கள் ஆட்களுக்குப் பஃபரைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. தொண்டையிலேயே பொருத்தித்தான் பிறக்கிறோம். 'எப்படிச் சுகம்?' என்று கேட்டுப் பாருங்கள் — வாய் தானாக, 'சுகம்' என்று சொல்லும். பிறகுதான் சுகமா இல்லையா என்று யோசிக்கவே தொடங்குவோம்.

அதற்காகப் பஃபர் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. நடேசண்ணை இதைப் படிப்பார், எனக்கு எட்மண்டனில் இன்னும் தேத்தண்ணி கிடைக்க வேண்டும். புல்லாங்குழலுக்கு வையுங்கள். வயலினுக்குத் தாராளமாக வையுங்கள். அந்த வித்துவானுக்கு மூக்கடைத்தால் நாங்கள் என்ன செய்ய முடியும்? அன்பினால்தான் மாமா இருமலை வெட்டினார், அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் அந்த அன்பினால் வசந்தி கொஞ்சக் காலம் தன் அப்பாவைப் பற்றி ஒன்றும் தெரியாத மகளாக இருந்தார். அது மகளுக்கு நியாயமில்லை.

அப்போ, காதைக் குத்துகிற சி.டி. பிளேயர் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அடுத்த ஞாயிறு அதே புல்லாங்குழலைப் போட்டோம், பஃபர் இல்லாமல். குத்தவில்லை! சட்டி சுரண்டுகிற சத்தத்தில் பாதி எங்கேயோ போய்விட்டது. நடேசண்ணை ஹோலின் நடுவில் நின்று கையைத் தட்டித் தட்டிப் பார்த்தார். பிறகு குனிந்து செற்றியைத் தடவினார்.

"தம்பி, பொலித்தீன் சத்தத்தைக் குடிக்காது. கண்ணாடி மாதிரித் திருப்பி எறியும். இப்ப துணி வெளியிலை வந்திட்டுது, துணி குடிச்சிடும். உம்முடைய சி.டி. பிளேயரிலை ஒரு பிழையும் இல்லை."

ஆக, குற்றவாளி செற்றியின் உறை, அடைபட்டுக் கிடந்தவர் இன்னொருவர். சி.டி. பிளேயர் மானத்தோடு விடுதலையானது. பக்கத்து வீட்டுக்காரரும் அதற்குப் பிறகு சுவரில் தட்டவில்லை. செற்றியில் இப்போது ஒரு தேத்தண்ணிக் கறை இருக்கிறது. போட்டது நானில்லை. வசந்திதான்.

மாமாவை மாமி ஒருவழியாக டொக்டரிடம் கூட்டிப் போனார். ஆஸ்துமாதான். பெரிய பயமில்லையாம். வாயில் வைத்து அடிக்கிற பம்ப் கொடுத்திருக்கிறார்கள். 'இப்ப படுத்து நித்திரை கொள்ளுறார், குறட்டைதான் தாங்க ஏலாது' என்று மாமி சொன்னபோது, குறட்டைச் சத்தத்துக்காக ஒரு மகள் அவ்வளவு சந்தோஷப்பட்டதை நான் இப்போதுதான் பார்க்கிறேன். அதோடு விடவில்லை வசந்தி. தன்னுடைய வகுப்புக் குரலில் மாமாவுக்கு ஒரு கசெட் பேசி அனுப்பினார். "அப்பா, உங்கடை கசெட்டை இஞ்சை ஒரு டொக்டரும் கேட்டவர். இனி இருமலை வெட்டக் கூடாது. வெட்டின கசெட் எனக்கு வேண்டாம், திருப்பி அனுப்பிப்போடுவன்."

மறுமொழி போன சனிக்கிழமை வந்து சேர்ந்தது. மிளகாய்த்தூள் பையோடுதான்.

ஞாயிறு பின்னேரம் வழக்கமான கூட்டம். நடேசண்ணை, டொக்டர், நான் மூன்று பேரும் சத்தமில்லாத செற்றியில் வரிசையாக இருந்தோம். வசந்தி ஸ்பீக்கருக்கு முன்னால் கார்பெட்டில். கசெட்டைப் போட்டோம்.

'நாங்கள் எல்லாரும் நல்ல சுகம்' இல்லை. 'பிள்ளை வசந்தி' கூட இல்லை. எடுத்த எடுப்பிலேயே ஓர் இருமல். அடிவயிற்றிலிருந்து கிளம்பி, நெஞ்சில் ஒரு சுற்றுச் சுற்றி, ஆறுதலாக வெளியே வந்து, ஹோல் முழுக்க உலாவிவிட்டு அடங்கியது. இடையில் ஒரு 'டக்' இல்லை. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு மாமா சொன்னார்:

"இது அந்த டொக்டர் தம்பிக்கு. வடிவாய்க் கேட்டாச்சோ? சரி, இனி விஷயத்துக்கு வருவம்."

விஷயத்தை ஒரே மூச்சில் சொல்லத் தொடங்கினார். வசந்தி சிரிக்கிறாரா அழுகிறாரா என்று பின்னாலிருந்து எனக்குத் தெரியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் தீர்ப்புக்காக டொக்டரைப் பார்த்தோம். அவர் கண்ணை மூடியிருந்தார். விரல் உயர்ந்திருந்தது.

"பஃபரே வேண்டாம் சார்... இதைவிட கிளியரா யாராலும் இரும முடியாது!"